உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வாகையாளர் போட்டி

உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் வாகையாளர் போட்டி என்பது ஆங்கில பில்லியர்ட்ஸ் எனப்படும் மூன்று பந்து மேசை விளையாட்டில், அதைத் தொழிலாகக் கொள்ளாத ஆட்டக்காரர்களுக்காக நடத்தப்பட்டு வந்த பன்னாட்டுப் போட்டியாகும். இது 1926 ஆம் ஆண்டில் இலண்டனில் பிரித்தானியப் பேரரசு நாடுகளுக்கிடையிலான போட்டியாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் உலகப் போட்டி என்ற நிலையை அடைந்தது. பிற்காலத்தில் பன்னாட்டு பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்னூக்கர் கூட்டமைப்பின் பொறுப்பில் நடைபெற்றது.

1958 ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடைபெற்ற போட்டியில் வில்சன் ஜோன்ஸ் பெற்ற வெற்றி, தனிநபர் விளையாட்டு ஒன்றில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் உலகப் பட்டமாகும். 1973 ஆம் ஆண்டில் பம்பாயில் எம். ஜே. எம். லாபிர் வென்றது இலங்கைக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டமாகும். ஆங்கிலேயர் தம் கிளப்புகளில் ஆடுவதற்காகக் கொண்டுவந்த ஒரு விளையாட்டில், அவர்களால் ஆளப்பட்ட இரு நாடுகள் உலக முதன்மை பெற்றமை இப்போட்டியின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கதாகும்.

ஆட்டத்தின் இயல்பு

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல் ஆகிய மூன்றும் நீண்ட கோலால் பந்தை அடித்து ஆடப்படும் மேசை விளையாட்டுகள் ஆகும். பேச்சு வழக்கில் இம்மூன்றையும் பில்லியர்ட்ஸ் என்றே குறிப்பிடுவது உண்டு. எனினும் இவை தனித்தனி விளையாட்டுகளாகும்.

ஆங்கில பில்லியர்ட்ஸ் ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட மேசையில் ஆடப்படுகிறது. மேசையின் தளம் சிலேட்டுக் கல்லால் ஆனது. அதன் மீது பச்சை நிறக் கம்பளித் துணி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நான்கு மூலைகளிலும் நீண்ட பக்கங்களின் நடுவிலுமாக மொத்தம் ஆறு குழிகள் உள்ளன. விளிம்புகளில் பந்து பட்டுத் திரும்புவதற்கு இரப்பராலான குஷன்கள் பொருத்தப்பட்டிருக்கும்.

இவ்வாட்டத்தில் மூன்று பந்துகள் மட்டுமே உள்ளன. ஒன்று சிவப்புப் பந்து. மற்ற இரண்டும் ஆளுக்கு ஒன்றாக இரு ஆட்டக்காரர்களுக்கும் உரியவை. முற்காலத்தில் இவை இரண்டும் வெள்ளையாகவே இருந்தன. வேறுபாடு தெரிவதற்காக ஒன்றில் கரும்புள்ளி இடப்பட்டிருந்தது. தற்போது ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று மஞ்சளாகவும் உள்ளது. பழங்காலத்தில் பந்துகள் யானைத் தந்தத்தால் செய்யப்பட்டன. பின்னர் செயற்கைப் பொருள்களால் ஆன பந்துகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

புள்ளிகள் மூன்று வழிகளில் கிடைக்கின்றன.

* கேனன்: தன் பந்து மற்ற இரு பந்துகளையும் தொடுதல். இதற்கு 2 புள்ளிகள்.
* பந்தைக் குழியில் வீழ்த்துதல்: சிவப்புக்கு 3 புள்ளிகள், எதிராளியின் பந்துக்கு 2 புள்ளிகள்.
* தன் பந்து மற்றொரு பந்தில் பட்ட பின்னர் தானே குழியில் விழுதல்: சிவப்பில் பட்டு விழுந்தால் 3 புள்ளிகள், எதிராளியின் பந்தில் பட்டு விழுந்தால் 2 புள்ளிகள்.

கேரம் ஆடுவோருக்கு மூன்றாவது வழி வியப்பளிக்கக் கூடும். கேரமில் ஸ்டிரைக்கர் குழியில் விழுவது தவறு. பில்லியர்ட்ஸில் அது முறையாகப் புள்ளி சேர்க்கும் வழியாகும். ஒரே அடியில் இவ்வழிகள் பலவும் இணைந்து நிகழலாம். எடுத்துக்காட்டாக, தன் பந்து முதலில் சிவப்பையும் பின்னர் எதிராளியின் பந்தையும் தொட்டு, அவ்விரண்டும் குழியில் வீழ்ந்து, தன் பந்தும் குழியில் வீழ்ந்தால் 2, 3, 2, 3 எனக் கூட்டி 10 புள்ளிகள் கிடைக்கும். ஓர் அடியில் பெறக்கூடிய மிகுதியான புள்ளிகள் இவையே.

புள்ளி பெறும் வரை ஆட்டக்காரர் தொடர்ந்து ஆடலாம். இவ்வாறு ஒரே முறையில் சேர்க்கப்படும் தொடர் புள்ளிகள் பிரேக் எனப்படும். குழியில் வீழ்த்தப்பட்ட சிவப்புப் பந்து உடனே மேசையில் அதற்குரிய புள்ளியில் வைக்கப்படும். எதிராளியின் பந்து வீழ்த்தப்பட்டால் அவரது முறை வரும் வரை அது வெளியிலேயே இருக்கும். எனவே எதிராளியின் பந்தை வீழ்த்தி 2 புள்ளிகள் பெறுபவர், அதன்பின் சிவப்பை மட்டும் கொண்டு ஆட வேண்டிய நிலைக்கு உள்ளாகிறார். பந்துகளை அடுத்த அடிக்கு ஏற்ற இடத்தில் நிறுத்துவதே இவ்வாட்டத்தின் அடிப்படைத் திறனாகும்.

தொடக்கம் (1926 – 1938)

முதல் போட்டி 1926 இல் இலண்டனில் நடைபெற்றது. இங்கிலாந்தின் ஜோ எர்லம் வென்றார். அடுத்த ஆண்டு அதே நகரில் தென்னாப்பிரிக்காவின் ஆலன் பிரையர் வென்றார். தொடர்ந்து ஜோகானஸ்பர்க், சிட்னி, மெல்பேர்ண் ஆகிய நகரங்களிலும் போட்டி நடத்தப்பட்டது. போருக்கு முன்னர் நடைபெற்ற எட்டுப் போட்டிகளில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மும்முறையும், தென்னாப்பிரிக்காவும் வேல்சும் ஒவ்வொரு முறையும் வென்றன.

இக்காலத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆஸ்திரேலியாவின் பாப் மார்சல் ஆவார். இவர் 1936, 1938, 1951, 1962 ஆகிய நான்கு ஆண்டுகளில் பட்டம் வென்றார். முதல் பட்டத்திற்கும் கடைசிப் பட்டத்திற்கும் இடையே 26 ஆண்டுகள் உள்ளன.

தொழில்முறைப் போட்டியின் தேக்கம்

அமெச்சூர் போட்டி முதன்மை பெற்றதற்குத் தொழில்முறை ஆட்டத்தில் ஏற்பட்ட தேக்கமும் ஒரு காரணமாகும். 1930களில் தொழில்முறை ஆட்டக்காரர்களின் திறன் மிக உயர்ந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரம் 1932 இல் இலண்டனில் ஜோ டேவிசுக்கு எதிராக 4137 புள்ளிகள் கொண்ட பிரேக்கை எடுத்தார். மூன்று பந்துகளையும் குஷனை ஒட்டி நெருக்கமாக வைத்துக்கொண்டு, மெல்லத் தொட்டுத் தொட்டு கேனன்களை அடுக்கிச் செல்லும் முறையில் இவர் வல்லவர்.

இத்திறன் ஆட்டத்திற்கு ஒரு சிக்கலாகவும் அமைந்தது. எதிராளி மணிக்கணக்கில் நாற்காலியில் அமர்ந்திருக்க, ஒருவரே ஆடிக்கொண்டிருப்பதைக் காண்பதற்குப் பார்வையாளர்கள் குறைந்தனர். தொடர்ச்சியான கேனன்களுக்கு வரம்பு விதிக்கும் வகையில் விதிகள் பலமுறை மாற்றப்பட்டன. எனினும் பார்வையாளர்கள் ஸ்னூக்கரை நாடத் தொடங்கினர். அவ்விளையாட்டின் தொழில்முறை உலகப் போட்டி ஜோ டேவிசின் முயற்சியால் 1927 இல் தொடங்கியிருந்தது.

1934 இல் லிண்ட்ரம் வென்ற பின்னர், பில்லியர்ட்ஸின் தொழில்முறை உலகப் பட்டத்திற்கான போட்டி 1951 வரை நடைபெறவில்லை. 1951 இல் நியூசிலாந்தின் கிளார்க் மெக்கானகி பட்டம் பெற்றார். அதன்பின் 1968 வரை மீண்டும் போட்டி இல்லை. ஆகவே இந்த நீண்ட இடைவெளியில் உலகின் பல நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரே மேசையில் சந்திக்கும் முதன்மையான களமாக அமெச்சூர் போட்டியே விளங்கியது. இந்தியாவும் இலங்கையும் இப்போட்டியில் முன்னேறியது இக்காலத்திலேயே ஆகும்.

இந்தியாவில் பில்லியர்ட்ஸ்

இந்தியாவில் பில்லியர்ட்ஸ் மேசைகள் ஆங்கிலேய அதிகாரிகளின் கிளப்புகள், படைப்பிரிவுகளின் உணவு விடுதிகள், அரண்மனைகள் ஆகிய இடங்களில் இருந்தன. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இத்தகைய கிளப்புகள் பலவற்றில் இந்தியர் உறுப்பினராக இயலாது. புள்ளிகளைக் குறிக்கும் மார்க்கர் பணியில் இந்தியர்கள் இருந்தனர்.

இம்மேசைகளில் ஒன்று தமிழ்நாட்டு வரலாற்றோடு தொடர்புடையது. 1875 இல் ஜபல்பூரில் பணியாற்றிய நெவில் சேம்பர்லேன் என்ற இளம் படை அதிகாரி, அப்போது வழக்கிலிருந்த சில பந்தய ஆட்டங்களை இணைத்து ஒரு புதிய ஆட்டத்தை உருவாக்கினார். இவர் பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான நெவில் சேம்பர்லேன் அல்லர். பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடும் பிரமிட்ஸ் என்ற ஆட்டத்தோடு, பல நிறப் பந்துகளைக் கொண்ட பூல் வகை ஆட்டமும் இதில் சேர்ந்தது. பூல் என்ற சொல் ஆட்டக்காரர்கள் அனைவரும் ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பந்தயப் பணத்தைக் குறித்தது. படைப் பயிற்சிக் கல்லூரியின் முதலாண்டு மாணவரைக் கேலியாகக் குறிக்கும் ஸ்னூக்கர் என்ற சொல் இப்புதிய ஆட்டத்தின் பெயராயிற்று.

சேம்பர்லேன் பின்னர் சென்னைப் படையின் தலைமைத் தளபதி பிரெடரிக் ராபர்ட்சின் அலுவலில் சேர்ந்து உதகமண்டலத்திற்கு வந்தார். 1882 இல் ஸ்னூக்கரின் விதிகள் உதகமண்டலம் கிளப்பில் எழுதப்பட்டு, அங்கிருந்த பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. இவ்வாறு பில்லியர்ட்ஸைப் பின்னுக்குத் தள்ளவிருந்த விளையாட்டு, நீலகிரி மலையில் இருந்த ஒரு பில்லியர்ட்ஸ் மேசையிலேயே வடிவம் பெற்றது.

கல்கத்தா போட்டிகள் (1952, 1958)

இந்திய மண்ணில் முதன்முதலாக இப்போட்டி 1952 இல் கல்கத்தாவில் நடைபெற்றது. இங்கிலாந்தின் லெஸ்லி டிரிபீல்ட் பட்டம் வென்றார். இந்தியாவின் சார்பில் வில்சன் ஜோன்ஸ் பங்கேற்றார்.

வில்சன் ஜோன்ஸ் 1922 ஆம் ஆண்டு மே 2 அன்று புனேயில் பிறந்தவர், ஆங்கிலோ இந்தியர். இரண்டாம் உலகப் போரின்போது படையில் பணியாற்றினார். 1948 இல் தேசிய ஸ்னூக்கர் பட்டத்தையும், 1950 இல் தேசிய பில்லியர்ட்ஸ் பட்டத்தையும் முதன்முறையாக வென்றார். மொத்தம் 12 முறை தேசிய பில்லியர்ட்ஸ் பட்டமும், 5 முறை தேசிய ஸ்னூக்கர் பட்டமும் பெற்றார். உள்நாட்டில் இவ்வளவு வெற்றிகள் பெற்றவராயினும், உலகப் போட்டியில் அவர் தொடக்கத்தில் வெற்றி பெறவில்லை.

1958 ஆம் ஆண்டின் இறுதியில் கல்கத்தாவின் கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டலில் மீண்டும் உலகப் போட்டி நடைபெற்றது. ஜோன்சுக்கு அப்போது வயது 36. முன்னாள் வாகையாளரான டிரிபீல்ட் உள்ளிட்ட ஆட்டக்காரர்களை விஞ்சி ஜோன்ஸ் பட்டம் வென்றார். ஹாக்கியில் இந்தியா ஏற்கனவே ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள் பெற்றிருந்தது. ஆனால் அவை அணியின் வெற்றிகள். தனியொருவராக உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் ஜோன்ஸ் ஆவார். விடுதலை பெற்றுப் பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்த நாட்டில் இது நிகழ்ந்தது.

1964 இல் நியூசிலாந்தின் புகெகோகியில் ஜோன்ஸ் இரண்டாம் முறையாகப் பட்டம் வென்றார். சொந்த நாட்டு மேசைகளில் மட்டுமின்றி, அயல்நாட்டிலும் தம்மால் வெல்ல இயலும் என்பதை இதன் மூலம் நிறுவினார். 1965 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். போட்டிகளிலிருந்து விலகிய பின்னர் அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்களைப் பயிற்றுவித்தார். சிறந்த பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருது 1996 இல் இவருக்கு வழங்கப்பட்டது. 2003 ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று காலமானார்.

ஸ்னூக்கருக்கான முதல் உலக அமெச்சூர் போட்டியும் 1963 இல் கல்கத்தாவிலேயே நடைபெற்றது. இங்கிலாந்தின் கேரி ஓவன் அதில் வென்றார்.

நிர்வாக மாற்றம்

தொடக்க காலத்தில் இப்போட்டிகள் இங்கிலாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட பில்லியர்ட்ஸ் கழகத்தின் கட்டுப்பாட்டில் இருந்தன. போட்டிகள் ஆசிய, ஆஸ்திரேலிய நாடுகளில் நடைபெற்றாலும் விதிகளை வகுக்கும் உரிமை அக்கழகத்திடமே இருந்தது. 1971 இல் மற்ற நாடுகளின் சங்கங்கள் இணைந்து உலக பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்னூக்கர் மன்றத்தை அமைத்தன. இதுவே 1973 இல் பன்னாட்டு பில்லியர்ட்ஸ் மற்றும் ஸ்னூக்கர் கூட்டமைப்பு எனப் பெயர் மாற்றம் பெற்றது. அமெச்சூர் உலகப் போட்டிகளை நடத்தும் பொறுப்பு இக்கூட்டமைப்பிடம் வந்தது.

கொழும்பும் பம்பாயும்

1967 இல் கொழும்பில் போட்டி நடைபெற்றது. டிரிபீல்ட் இரண்டாம் முறையாக வென்றார். 1973 இல் பம்பாயில் நடைபெற்ற போட்டியில் கொழும்பைச் சேர்ந்த எம். ஜே. எம். லாபிர் பட்டம் வென்றார். 1930 இல் பிறந்த லாபிர், இலங்கையின் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலும் பல ஆண்டுகள் முதன்மை ஆட்டக்காரராக விளங்கியவர்.

இலங்கை துடுப்பாட்டத்தில் உலகக் கோப்பையை வென்றது 1996 இல் ஆகும். அதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே லாபிர் தம் நாட்டிற்கு உலகப் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். அவர் 1981 இல் காலமானார்.

1979 இல் மீண்டும் கொழும்பில் நடைபெற்ற போட்டியில் மால்டாவின் பால் மிப்சுத் வென்றார். இவர் பின்னர் 1985, 1986 ஆகிய ஆண்டுகளில் உலக அமெச்சூர் ஸ்னூக்கர் பட்டத்தையும் வென்றார்.

மைக்கேல் பெரேரா

பம்பாயைச் சேர்ந்த மைக்கேல் பெரேரா 1977 இல் மெல்பேர்ணிலும், 1981 இல் புது தில்லியிலும், 1983 இல் மால்டாவிலும் பட்டம் வென்றார். 1978 இல் தேசியப் போட்டியில் 1149 புள்ளிகள் கொண்ட பிரேக்கை எடுத்து, ஆயிரம் புள்ளிகளைக் கடந்த முதல் அமெச்சூர் ஆட்டக்காரர் என்ற பெருமையைப் பெற்றார்.

1981 இல் இந்திய அரசு இவருக்குப் பத்மஸ்ரீ விருதை அறிவித்தது. துடுப்பாட்ட வீரர் சுனில் கவாஸ்கருக்கு அதைவிட உயர்ந்த பத்மபூஷண் விருது வழங்கப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டிய பெரேரா, உலக வாகையாளராகிய தமக்கும் அதே விருது உரியது எனக் கூறி பத்மஸ்ரீயை ஏற்க மறுத்தார். 1983 இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு விளையாட்டின் சாதனையை அளவிடலாமா என்ற கேள்வியை இந்நிகழ்வு எழுப்பியது.

கீத் சேத்தியும் 1985 இறுதியாட்டமும்

1985 இல் புது தில்லியில் நடைபெற்ற போட்டியின் இறுதியாட்டம் இத்தொடரின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. அகமதாபாத்தைச் சேர்ந்த கீத் சேத்திக்கு அப்போது வயது 24. அவரை எதிர்த்து ஆடியவர் 1936 இல் முதல் பட்டத்தை வென்ற பாப் மார்சல். அவருக்கு வயது 75. எட்டு மணி நேரம் நீடித்த ஆட்டத்தில் சேத்தி வென்றார். பேரரசுப் போட்டியாக இருந்த காலத்தின் வாகையாளரும், விடுதலைக்குப் பின் பிறந்த இந்தியரும் ஒரே மேசையில் ஆடிய ஆட்டம் இது. உடல் வலிமையைவிடக் கண், கை, மனம் ஆகியவற்றின் ஒருமைப்பாட்டைச் சார்ந்த விளையாட்டு என்பதால் இவ்வளவு வயது வேறுபாடு உள்ளவர்கள் உலக இறுதியாட்டத்தில் சந்திக்க முடிந்தது.

சேத்தி 1987 இல் பெல்பாஸ்டில் மீண்டும் வென்றார். பின்னர் தொழில்முறைப் போட்டிகளில் ஆடி 1992, 1993, 1995, 1998, 2006 ஆகிய ஆண்டுகளில் தொழில்முறை உலகப் பட்டங்களைப் பெற்றார். 1992 இல் பம்பாயில் நடைபெற்ற தொழில்முறை உலகப் போட்டியில் இவர் எடுத்த 1276 புள்ளிகள் கொண்ட பிரேக் உலக சாதனையாக அமைந்தது.

1990 இல் பெங்களூரில் நடைபெற்ற போட்டியில் கல்கத்தாவைச் சேர்ந்த மனோஜ் கோத்தாரி வென்றார். 1981 முதல் 1990 வரை நடைபெற்ற ஐந்து போட்டிகளிலும் இந்தியர்களே பட்டம் வென்றனர்.

வாகையாளர்கள் பட்டியல் (1926 – 1990)

* 1926 – இலண்டன் – ஜோ எர்லம் (இங்கிலாந்து)
* 1927 – இலண்டன் – ஆலன் பிரையர் (தென்னாப்பிரிக்கா)
* 1929 – ஜோகானஸ்பர்க் – லெஸ் ஹேய்ஸ் (ஆஸ்திரேலியா)
* 1931 – சிட்னி – லாரி ஸ்டீபிள்ஸ் (இங்கிலாந்து)
* 1933 – இலண்டன் – சிட்னி லீ (இங்கிலாந்து)
* 1935 – இலண்டன் – ஹோரஸ் கோல்ஸ் (வேல்சு)
* 1936 – ஜோகானஸ்பர்க் – பாப் மார்சல் (ஆஸ்திரேலியா)
* 1938 – மெல்பேர்ண் – பாப் மார்சல் (ஆஸ்திரேலியா)
* 1951 – இலண்டன் – பாப் மார்சல் (ஆஸ்திரேலியா)
* 1952 – கல்கத்தா – லெஸ்லி டிரிபீல்ட் (இங்கிலாந்து)
* 1954 – சிட்னி – டாம் கிளியரி (ஆஸ்திரேலியா)
* 1958 – கல்கத்தா – வில்சன் ஜோன்ஸ் (இந்தியா)
* 1960 – எடின்பரோ – ஹெர்பர்ட் பீத்தம் (இங்கிலாந்து)
* 1962 – பெர்த் – பாப் மார்சல் (ஆஸ்திரேலியா)
* 1964 – புகெகோகி – வில்சன் ஜோன்ஸ் (இந்தியா)
* 1967 – கொழும்பு – லெஸ்லி டிரிபீல்ட் (இங்கிலாந்து)
* 1969 – இலண்டன் – ஜாக் கார்னெம் (இங்கிலாந்து)
* 1971 – மால்டா – நார்மன் டாக்லி (இங்கிலாந்து)
* 1973 – பம்பாய் – எம். ஜே. எம். லாபிர் (இலங்கை)
* 1975 – ஆக்லாந்து – நார்மன் டாக்லி (இங்கிலாந்து)
* 1977 – மெல்பேர்ண் – மைக்கேல் பெரேரா (இந்தியா)
* 1979 – கொழும்பு – பால் மிப்சுத் (மால்டா)
* 1981 – புது தில்லி – மைக்கேல் பெரேரா (இந்தியா)
* 1983 – மால்டா – மைக்கேல் பெரேரா (இந்தியா)
* 1985 – புது தில்லி – கீத் சேத்தி (இந்தியா)
* 1987 – பெல்பாஸ்ட் – கீத் சேத்தி (இந்தியா)
* 1990 – பெங்களூர் – மனோஜ் கோத்தாரி (இந்தியா)

இந்த 27 போட்டிகளில் இங்கிலாந்து 9 முறையும், இந்தியா 8 முறையும், ஆஸ்திரேலியா 6 முறையும் வென்றுள்ளன. தென்னாப்பிரிக்கா, வேல்சு, இலங்கை, மால்டா ஆகியவை ஒவ்வொரு முறை வென்றுள்ளன. 1958 முதல் 1990 வரையிலான 16 போட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றில் சரிபாதியை இந்தியா வென்றுள்ளது.

பங்கஜ் அத்வானியும் பின்னைய போட்டிகளும்

பிற்காலத்தில் பன்னாட்டுக் கூட்டமைப்பின் உலகப் போட்டி இரு வடிவங்களில் நடத்தப்பட்டது. ஒன்று நேர அடிப்படையிலானது. குறிப்பிட்ட நேர முடிவில் மிகுதியான புள்ளிகள் பெற்றவர் வெற்றியாளர். மற்றொன்று புள்ளி அடிப்படையிலானது. இதில் முதலில் 150 புள்ளிகளை எட்டுபவர் ஒரு சுற்றை வெல்வார். இவ்வாறு பல சுற்றுகள் ஆடப்படும். நீண்ட நேரம் ஒருவரே ஆடும் குறையைப் போக்குவதற்கு இரண்டாவது வடிவம் உதவுகிறது.

1985 இல் புனேயில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த பங்கஜ் அத்வானி, அரவிந்த் சவூரிடம் பயிற்சி பெற்றவர். 2003 இல் சீனாவில் நடைபெற்ற உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியில் வென்றார். 2005 இல் மால்டாவில் பில்லியர்ட்ஸின் இரு வடிவங்களிலும் பட்டம் பெற்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் ஆட்டக்காரர் இவரே. 2008 இல் பெங்களூரிலும் இதே சாதனையை மீண்டும் நிகழ்த்தினார். 2024 இல் கத்தாரின் தோகாவில் பெற்ற வெற்றியுடன், பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டிலுமாக இவரது உலகப் பட்டங்களின் எண்ணிக்கை 28 ஆயிற்று.

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1998 ஆம் ஆண்டு பாங்காக்கில் கோல் மேசை விளையாட்டுகள் சேர்க்கப்பட்டன. அசோக் சாண்டில்யா தனிநபர் பில்லியர்ட்ஸிலும், சாண்டில்யாவும் கீத் சேத்தியும் இணைந்து இரட்டையர் பில்லியர்ட்ஸிலும் தங்கம் வென்றனர். 2006 இல் தோகாவிலும் 2010 இல் குவாங்சூவிலும் அத்வானி பில்லியர்ட்ஸ் தங்கம் வென்றார். 2010 க்குப் பின்னர் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இவ்விளையாட்டுகள் இடம்பெறவில்லை. இதனால் இந்தியா உறுதியாகப் பதக்கம் பெறும் ஒரு பிரிவை இழந்தது. ஒலிம்பிக்கில் இவை ஒருபோதும் இடம்பெற்றதில்லை.

பூல், ஸ்னூக்கர் போட்டிகளுடன் ஒப்பீடு

கோல் மேசை விளையாட்டுகளில் உலக அளவில் மிகப் பரவலானது பூல் ஆகும். இது பில்லியர்ட்ஸ் மேசையைவிடச் சிறிய, 9 அடி நீளமும் நாலரை அடி அகலமும் கொண்ட மேசையில் ஆடப்படுகிறது. இதன் முதன்மைப் போட்டியான உலக ஒன்பது பந்து வாகையாளர் போட்டி 1990 இல் ஜெர்மனியில் தொடங்கியது. முதல் போட்டியில் அமெரிக்காவின் எர்ல் ஸ்டிரிக்லாண்ட் வென்றார். பின்னர் தைவான், பிலிப்பைன்ஸ், ஜப்பான், ஜெர்மனி எனப் பல நாட்டு ஆட்டக்காரர்கள் அப்பட்டத்தை வென்றுள்ளனர். ஸ்னூக்கர் வண்ணத் தொலைக்காட்சியின் வரவால் 1970களில் பிரித்தானியாவிலும், பின்னர் சீனாவிலும் பெரும் புகழ் பெற்றது.

ஆங்கில பில்லியர்ட்ஸோ முன்னாள் பிரித்தானியப் பேரரசைச் சேர்ந்த சில நாடுகளுக்குள்ளேயே பெரிதும் அடங்கியுள்ளது. ஆட்டக்காரர் எண்ணிக்கையும் பரிசுத்தொகையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. இந்தியர்கள் இவ்விளையாட்டில் முன்னணிக்கு வந்த காலமும், உலகின் பிற பகுதிகள் இதைவிட்டு ஸ்னூக்கருக்கு மாறிய காலமும் ஏறத்தாழ ஒன்றே ஆகும். இதைக் கொண்டு இந்திய வெற்றிகளின் மதிப்பைக் குறைத்துக் கூறுவோர் உண்டு. ஆனால் 1958 இல் ஜோன்ஸ் வென்றபோது இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் தம் சிறந்த அமெச்சூர் ஆட்டக்காரர்களை இப்போட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. அத்வானி பில்லியர்ட்ஸோடு ஸ்னூக்கரிலும் உலகப் பட்டம் வென்றவர். மூன்று பந்துகளைக் கட்டுப்படுத்தும் பயிற்சி மற்ற கோல் மேசை விளையாட்டுகளுக்கும் அடித்தளமாக அமைகிறது என்பது ஆட்டக்காரர்களிடையே நிலவும் கருத்தாகும்.

இவற்றையும் பார்க்க

* ஸ்னூக்கர்
* பூல் (விளையாட்டு)
* கேரம்
* வில்சன் ஜோன்ஸ்
* பங்கஜ் அத்வானி
* உதகமண்டலம்